பொடக்காலியில் மூடாக்கு

ஒரு வீட்டின் சுத்தபத்தம் அடுப்படியில் தெரியாது, வாசலில்தான் தெரியும் என்பார் அம்மா. விடியுமுன் எழுந்து ஈர்க்குமாற்றால் வாசலைக் கூட்டி, சாணி தெளித்து, கோலம் போட்டு முடித்த கையோடு பொடக்காலிக்குப் போய்விடுவார். வீட்டுக்குப் பின்பக்கத்தை எங்கள் கொங்குப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மாமரத்தடி, கிணற்றடி, மாட்டுச்சாலை ஓரம் என்று ஓர் இடம் விடாமல் கூட்டுவார். மண்ணில் ஈர்க்குக் கோடுகள் வளைவளைவாக விழுந்திருக்க வேண்டும். அதன்மேல் ஒரு சருகு கிடந்தாலும் அவருக்குப் பொறுக்காது. கூட்டியதெல்லாம் வேலியோரம் குவிந்து ஒரு தீக்குச்சியில் புகையாகும். அந்தப் புகைக்குள் நின்றுதான் நாங்கள் பல் துலக்கினோம்.

அப்படிப்பட்டவருடைய மகள், ஊரார் எரிக்கக் குவித்த சருகைச் சாக்கில் கட்டித் தூக்கிவந்து தன் வீட்டு மண்ணில் கொட்டினால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சிக்கு வெளியே, ஆனைமலை போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் எட்டு சென்ட் மனை. நிலக்கடலை விளைந்த காட்டைப் பிரித்து மனை போட்டு விற்ற இடம். 2009-ல் வீடு கட்டிக் குடிபோனோம். வீடு மூன்று சென்டில் முடிந்துவிட்டது, மிச்சமெல்லாம் செம்மண். மா, எலுமிச்சை, முருங்கை, இரண்டு தென்னை, முன்பக்கம் செம்பருத்தி, நந்தியாவட்டை, ஒரு மல்லிகைப் பந்தல் என்று வைத்தோம். வைத்ததெல்லாம் மெல்ல வளர்ந்தது. வைக்காதது விறுவிறுவென்று வளர்ந்தது.

பொள்ளாச்சிக்கு இரண்டு பக்கமிருந்தும் மழை உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. தென்னைக்கு அது வரம். களைக்கும் அப்படித்தான். முதல் சாரல் விழுந்த வாரத்துக்குள் சாரணை தரையோடு படர ஆரம்பிக்கும். பின்னாலேயே குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை. வேலியோரத்தில் நாயுருவி ஏறி, போகிறவர் வருகிறவர் சேலையிலெல்லாம் ஒட்டும். கிணற்றடிப் பூண்டு மஞ்சள் பூவோடு எட்டிப் பார்க்கும். அப்புறம் பார்த்தீனியம். 1950-களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிய செடி. நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 விதை வரை போடும். தொட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிப்பு எடுக்கும். எங்கள் வீட்டுக்காரருக்கு முழங்கை வரை தடித்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் அடியில், யாரிடமும் கேட்காமல் குடியிருந்தது கோரை.

களை வெட்ட ஓர் அக்கா வருவார். அறுபதைத் தாண்டியவர். களைக்கொத்தைப் பிடித்துக் குந்தினால் எழாமல், நகர்ந்து நகர்ந்தே ஒரு பாத்தியை முடித்துவிடுவார். அவர் வெட்டிவிட்டுப் போன தரையைப் பார்த்தால் அம்மா கூட்டிய தரை மாதிரியே இருக்கும். ஒரு பச்சை தெரியாது. கூலியும் வடையும் டீயும் கொடுத்து அனுப்பிவிட்டு, ‘அப்பாடா’ என்று திண்ணையில் உட்காருவோம். அடுத்த தூறலில் முன்பைவிட நெருக்கமாக முளைத்து நிற்கும்.

நான் அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் எடுத்தவள். பைட்டோகுரோம் என்ற நிறமியைப் பற்றிக் கரும்பலகையில் படம் போட்டு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். 1952-ல் அமெரிக்காவில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்டூஸ் கீரையின் விதையை வைத்துக் கண்டது இது: சிவப்பு ஒளி பட்டால் விதை முளைக்கிறது, அதற்குப் பிறகு தொலைசிவப்பு ஒளி காட்டினால் முளைப்பு நின்றுபோகிறது, மறுபடி சிவப்பு காட்டினால் மறுபடி முளைக்கிறது. விதைக்குள் ஒரு சுவிட்சு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா அது. அதே பாடம் என் வீட்டுப் பொடக்காலியில் தினம் நடந்துகொண்டிருந்தது. நம் களைகளில் பல பொடி விதைக்காரிகள். மண்ணுக்குள் ஓரங்குலம் இறங்கிவிட்டால் இருட்டில் உறங்கிக் கிடக்கும். களைக்கொத்து மண்ணைப் புரட்டுகிற கணத்தில் வெளிச்சம் பட்டுவிடும், அந்தக் கணம் போதும். அக்கா ஒரு தலைமுறைக் களையை வெட்டிய அதே கையால் அடுத்த தலைமுறையை எழுப்பிவிட்டுப் போகிறார். அவர்மேல் குற்றமில்லை, கொத்தின் குணம் அது.

உறங்கும் விதைக்கு ஆயுளும் கெட்டி. வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-ல் மிச்சிகனில் 20 பாட்டில்களில் களை விதைகளை மணலோடு கலந்து புதைத்துவைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் குறித்த கெடுவில் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து முளைக்கப் போடுகிறார்கள். 2021-ல் எடுத்த பாட்டிலில், 141 ஆண்டுக்குப் பிறகும் சில விதைகள் முளைத்தன. எங்கள் நிலம் எத்தனை தலைமுறையாகக் கடலைக் காடாக இருந்ததோ! அத்தனை காலத்துக் களையும் காலுக்கடியில் காத்துக் கிடக்கிறது. வெட்டி வெட்டித் தீர்த்துவிடலாம் என்பதெல்லாம் ஆகிற கதையில்லை.

மருந்து அடிக்கலாமே என்றார் உரக்கடைக்காரர். கிளைபோசேட் கேனை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். ‘ஒரே அடி, ஆறு மாசம் திரும்பிப் பாக்க வேண்டாமுங்க’ என்றார். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்ததெல்லாம் பிறகுதான். எனக்கு அன்றைக்கு வேண்டாம் என்று தோன்றியதற்குக் காரணம் வேறு. அம்மா அந்த மண்ணில்தான் கீரை பறித்துக்கொண்டிருந்தார்.

மிச்சமிருந்த வழி, மண்ணைச் சருகாலும் மட்டையாலும் மூடிவைக்கிற மூடாக்கு. அது எனக்குப் புதிதில்லை. பெரியப்பாவின் தென்னந்தோப்பில் சின்ன வயதிலேயே பார்த்ததுதான். கோடை பிறந்தால் ஒவ்வொரு மரத்தடியிலும் உரிமட்டையை வட்டமாக அடுக்கிவைப்பார். மட்டையின் வயிற்றுப்பக்கம் மண்ணைப் பார்க்க, முதுகு வானத்தைப் பார்க்க வேண்டும். தெரியாமல் யாராவது மல்லாத்தி வைத்துவிட்டால் சத்தம் போடுவார். அதே மட்டையைக் குழி வெட்டிப் புதைக்கிறபோது மட்டும் மாற்றிச் சொல்வார். அங்கே வயிற்றுப்பக்கம் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் மழைத் தண்ணீரை ஏந்தி வைக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் இதேதான்: மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் 100 மட்டை, கவிழ்த்து வைக்க வேண்டும். மட்டை இல்லையென்றால் 15 காய்ந்த ஓலை, அதுவும் இல்லையென்றால் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நார்த்தூள். பெரியப்பா எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போனவரில்லை. அவருக்கு ஈரம்தான் கணக்கு. வட்டத்துக்குள் களை வராததை ஒரு விசயமாகவே அவர் பேசியதில்லை.

தோப்பில் செய்வதை வீட்டைச் சுற்றிச் செய்யலாம் என்ற எண்ணம் வர நம்மாழ்வார் காரணம். 2013 டிசம்பரில் அவர் மறையும் வரை, எந்த ஊரில் பேசினாலும் மண்ணை அம்மணமாக விடாதே என்பதைச் சொல்லாமல் இறங்கமாட்டார். கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் வறண்ட பூமியில் வானகத்தை வளர்த்துக் காட்டியவர். அவருக்கும் முன்னே ஜப்பானில் மசனோபு ஃபுகோகா அறுத்த வைக்கோலை நறுக்காமல் அப்படியே வயலில் பரப்பிக் களையை அடக்கியவர். அவருடைய ஒற்றை வைக்கோல் புரட்சி தமிழிலும் வந்திருக்கிறது. இவர்கள் எல்லாம் ஏக்கர் கணக்கில் பேசினார்கள். எனக்கு ஐந்து சென்ட்.

வழிமுறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஏற்கெனவே நிற்கிற களையை முதலில் எடுத்துவிட வேண்டும். தரையை நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்குவதற்குள் மூடாக்கே குடித்துவிடும். நனைந்த மண்ணில் பழைய செய்தித்தாளை ஏழெட்டு மடிப்பாக, ஒன்றன்மேல் ஒன்று ஒரு கை அகலம் ஏறும்படி விரிக்க வேண்டும். அட்டைப்பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, ஒட்டியிருக்கிற டேப்பையும் பின்னையும் பிடுங்கிவிட்டுப் போட வேண்டும். பளபளப்பான விளம்பரத் தாள் வேண்டாம். அதன்மேல் சருகோ நார்த்தூளோ நாலு விரல் கனம். வெறும் சருகு என்றால் ஒரு சாண் போட்டால்தான் அமுங்கி நாலு விரல் நிற்கும். செடியின் தூரை ஒட்டிப் போடக்கூடாது. அரை அடி விட்டு வளையமாகப் போட வேண்டும். தூரில் ஈரம் நின்றால் பட்டை அழுகும். எலுமிச்சைக்கு இது ஆகவே ஆகாது.

சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் காற்று என்று ஒன்று இருக்கிறது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற பழமொழியைக் கட்டியவன் பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே குடியிருந்திருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த ஓரிடத்தில்தான் அத்தனை அகலத் திறப்பு. அதன் வழியே வருகிற காற்றை நம்பித்தான் உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்தக் காற்றுக்கு என் சருகு எம்மாத்திரம்? மாவிலை தெருவைத் தாண்டிப் போய் எதிர்வீட்டு கார் கண்ணாடியில் ஒட்டும். நார்த்தூள் மாவாகப் பறந்து கொடியில் காய்கிற வேட்டியைப் பழுப்பாக்கும். காற்றைக் கட்டிப்போட்டது தென்னை ஓலைதான். காய்ந்த ஓலையை முழம் முழமாக வெட்டி, அடிமட்டையைப் பிளந்து, சருகின்மேல் குறுக்கும் நெடுக்கும் போட்டால் அசையாது. பன்னாடையும் நல்ல கனமான மூடி. முன்பக்கம் பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்றால் மேலே உரிமட்டையைக் கவிழ்த்து வரிசையாக அடுக்கிவிடலாம். செம்பருத்தி வரிசைக்கு அப்படிச் செய்தோம். பார்த்தவர்கள் அதை மட்டும் குப்பை என்று சொல்லவில்லை.

நார்த்தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பொள்ளாச்சிக்காரி சொல்லாமல் வேறு யார் சொல்வது? மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற பழுப்புத் தூள். ஒரு காலத்தில் கயிறு மில்களுக்கு வெளியே மலை மலையாகக் கிடக்கும். எடுத்துப் போனால் போதும் என்று மில்காரர்களே லாரி பிடித்துக் கொட்டிவிட்டுப் போவார்கள். இப்போது அதைக் கழுவி, காயவைத்து, அழுத்திக் கட்டியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பித் பிளாக் என்று பெயர்; விலையும் வைத்துவிட்டார்கள். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும். உப்பும் உண்டு, ஆகவே மழையில் ஒரு பருவம் கிடந்த பழைய தூளாகப் பார்த்து வாங்குவது நல்லது. இன்னொன்று, அதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-க்கு 1. மக்க வேண்டுமானால் நுண்ணுயிர்கள் பக்கத்து மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மண்ணோடு கொத்திக் கலந்தால் செடி வெளுக்கும். மேலாகப் பரப்பினால் மேல்தோலோடு நின்றுவிடும், வேருக்குச் சேதமில்லை. மேல்தோல் மெலிந்து கிடப்பது முளைக்கப் பார்க்கிற களைக்குத்தான் இடைஞ்சல். உரமாகவே வேண்டும் என்றால் சிப்பிக் காளான் வித்து இட்டு மக்கவைக்கிற முறை ஒன்றைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித் தருகிறது. அதில் விகிதம் 24-க்கு 1 வரை இறங்கும்.

மற்றவற்றில் என் தரவரிசை இது. புங்கன் இலை முதல். சீக்கிரம் மக்கும், மண்ணுக்கும் ஊட்டம். மாவிலை மெதுவாக மக்கும், ஆகவே நாள்பட நிற்கும்; களைக்கு அதுவே சரி. தேக்கிலை தட்டுத் தட்டாக விழுந்து நன்றாக மூடும், ஆனால் மழைத் தண்ணீரையும் வழியவிட்டுவிடும். கையால் நொறுக்கிப் போட வேண்டும். கரும்புச் சோகை கிடைத்தால் விடாதீர்கள். செக்கு ஆட்டுகிற இடத்தில் கிடைக்கிற கடலைத் தோல் பூந்தொட்டிக்கு அழகு. நெல் உமி முதல் மழையிலேயே மிதந்து சாக்கடைக்குப் போய்விடும். வைக்கோலில் மிச்ச நெல் முளைத்துப் பொடக்காலி நாற்றங்காலாகும். வெட்டிய பச்சைப் புல்லைக் கனமாகப் போட்டால் சூடேறி நாறும்.

அம்மாவிடம் வருகிறேன். அப்போது எங்களோடுதான் இருந்தார். முதல் சாக்குச் சருகை மாமரத்தடியில் கொட்டிய அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் மரத்தடி பளிச்சென்று இருந்தது; சருகெல்லாம் வேலியோரம் குவிந்து புகைந்துகொண்டிருந்தது.

‘ஏம்மா, நாஞ் சொன்னனல்ல?’

‘அட ஏஞ்சாமி, கார்வாரமான பொம்பளை இருக்கற வீடா இது? பாம்பு பூரான் வந்து அண்டும். வாரவீக என்ன நெனப்பாங்க?’

பாம்பு, பூரான் பேச்சைத் தள்ளிவிட முடியாது. சருகுக்குள் பூரான் வரும். ஈரமும் இருட்டும் அதற்கு வேண்டும். கறையானும் வரும், அதுவும் எங்கள் செம்மண்ணில் கேட்க வேண்டியதே இல்லை. அட்டையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் மண்பூச்சு பூசி வேலை நடந்துகொண்டிருக்கும். கறையான் காய்ந்ததைத் தின்னும் வரைக்கும் நமக்கு வேலையாள்தான். சுவர் ஏறி நிலைக்கதவுக்கு வந்தால்தான் வினை. அதனால் வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குச் சுற்றிலும் வெறும் தரை, அதில் ஒரு சருகும் இல்லை என்று முடிவானது. வாசலும் அம்மாவுடையது. கோலம் போடுகிற இடத்தை மூடாக்குப் போட்டு மூடச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? மிச்ச இடம் மண்ணுடையது என்று பேசிக்கொண்டோம். அந்த இரண்டடிச் சுற்றைக் கூட்டுவதிலேயே அம்மாவுக்குக் காலை கழிந்தது. மனத்தாங்கல் முழுக்கத் தீரவில்லை. விருந்தாளி வருகிறார்கள் என்றால் மட்டும், நான் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து, முன்பக்கச் சருகைக் கொஞ்சம் பின்பக்கம் தள்ளிவைத்திருப்பார்.

தெருவும் அம்மா கட்சிதான். குப்பை எடுக்க வருகிற அம்மணி கதவைத் தட்டி, ‘டீச்சரம்மா, உங்க ஊட்டுல குப்பை எடுக்கறதுக்கு நாங்க வரலீன்னு கம்ப்ளெய்ன்ட் போயிருமுங்க’ என்று கும்பிட்டார். பக்கத்து வீட்டு நாட்டுக்கோழிகளுக்கு மட்டும் ஏக சந்தோசம். கிளறிக் கிளறி, காலையில் நான் பரப்பியதை மதியத்துக்குள் நடைபாதைக்குக் கொண்டுவந்துவிடும். ஓலைத் துண்டுகள் வந்த பிறகு கோழிகள் சலித்துப்போய் வேறு வேலி பார்த்துக்கொண்டன. தவிட்டுக்குருவிகள் மட்டும் கூட்டமாக வந்து இறங்கும். ஒரு குருவி அலகால் ஒரு சருகின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டி, தலையைச் சாய்த்து அடியில் பார்க்கும். ஏதாவது இருந்தால் ஒரு கொத்து. இல்லையென்றால் அடுத்த சருகு. சத்தம் தாங்காது. ஆனால் பூரான் பேச்சு அதோடு குறைந்தது.

முதல் ஐப்பசி மழையில் பலன் தெரிந்தது. மூடாத வேலியோரத்தில் வழக்கம்போலப் பச்சைக் கம்பளம். மூடிய பாத்திகளில் அங்கங்கே ஒன்றிரண்டு முளை, அதுவும் வெளுத்து நெட்டையாக. சருகுக்குள் வேர்விட்ட முளையை இரண்டு விரலால் தூக்கினாலே வந்துவிடும்; களைக்கொத்தே வேண்டாம். வெயில் காலத்தில் இன்னொன்றும் தெரிந்தது. சித்திரையிலும் அட்டைக்கு அடியில் மண் ஈரம் காயவில்லை. மல்லிகைக்குத் தினம் விட்ட தண்ணீரை ஒன்றுவிட்டு ஒருநாள் ஆக்கினோம், பூ குறையவில்லை.

கோரை இந்தக் கணக்கில் சேராது. அதற்கு விதை முக்கியமில்லை. மண்ணுக்கடியில் கிழங்கு கிழங்காகக் கோத்த மாலை. ஒன்றை இழுத்தால் நூல் அறுந்து மற்றது உள்ளே நின்றுவிடும். உலகின் மிக மோசமான களை என்று களை அறிஞர்கள் பட்டம் கொடுத்த செடி இது. எதிர்வீட்டுத் தம்பி கோயம்புத்தூரிலிருந்து ஆள் வைத்து முன்பக்கத்தை அலங்கரித்தார். தரையில் கறுப்புப் பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைக் கூழாங்கல், ஓரத்தில் கொரியன் புல். படத்தில் வருகிற மாதிரி இருந்தது. மழைக்குப் பிறகு ஒருநாள் காலையில் கூழாங்கல்லுக்கு நடுவே ஊசி ஊசியாகப் பச்சை. பாயைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தது கோரை. கல் சூட்டில் ஓரத்துச் செடிகள் கருகின. காற்று கொண்டுவந்த புழுதி கல்லிடுக்கில் தங்கி, பாயின் மேலேயே களை முளைத்தது. அதைப் பிடுங்கினால் வேர் பாய் இழையில் மாட்டிக்கொண்டு வராது. கற்களை அள்ளி, பாயைக் கிழித்து எடுக்கத் தனியாக ஆள் வைக்க வேண்டியதாயிற்று. மக்காத மூடாக்கு எனக்கு என்றைக்கும் ஒப்பவில்லை, எதிர்வீட்டைப் பார்த்த பிறகு சுத்தமாகவே இல்லை.

என் அட்டையையும் கோரை விட்டுவைக்கவில்லைதான். ஆனால் மூடாக்குக்கு அடியில் மண் பொலபொலவென்று இருப்பதால், தலைகாட்டும்போதெல்லாம் கையைவிட்டுக் கிழங்கோடு எடுக்க முடிகிறது. விடாமல் எடுத்தால் கிழங்குகள் தளர்ந்துபோகும். ‘கோரைய வேரோட புடுங்குனவ இன்னும் பொறக்கலீங்க டீச்சரம்மா’ என்று களை வெட்டும் அக்கா சொன்னதும் உண்மைதான். இன்றைக்கும் முருங்கையடியில் இருக்கிறது. அருகு வேறு மாதிரி. மேலே வராது, பக்கத்து மனையிலிருந்து ஓரமாகத் தவழ்ந்து வரும். எல்லையில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் போட்டு வைத்தால் அங்கேயே நிறுத்தலாம். பார்த்தீனியத்தைக் கையுறை போட்டுக்கொண்டு பூக்குமுன் பிடுங்கினால் அதுவும் மூடாக்குக்கு ஆகும். பூத்துவிட்டால் மூடாக்கில் சேர்க்கவே கூடாது.

பெரியப்பா ஒருமுறை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். ‘பரத்திப் போடு, குமிச்சு வெக்காத கண்ணு. குமிச்சா காண்டாமிருக வண்டு முட்டை வெக்கும். தென்னை ரெண்டையும் மறந்துர வேண்டீதுதான்.’ மக்குகிற குவியலில்தான் அந்த வண்டின் புழு வளரும்; வண்டு குருத்தைத் துளைத்தால் விரிகிற ஓலை கத்தரியால் வெட்டியது போல இருக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குவியல் கிடையாது.

நான் எதிர்பார்க்காத வருத்தம் ஒன்று வந்தது. கீரை போயிற்று. மழை விழுந்தால் அம்மா மடியைக் கட்டிக்கொண்டு இறங்கி, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை என்று கலவையாகப் பறித்துவருவார். நாலு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு போட்டு வேகவைத்துச் சட்டியில் கடைந்தால் ராகிக் களிக்கு வேறு எதுவும் வேண்டாம். சுக்குட்டிக் கீரை (வெளியூரில் மணத்தக்காளி என்பார்கள்) தானாகவே வேலியோரம் நிற்கும். நான் மூடியபோது இவை எல்லாமும்தான் மூடப்பட்டன. சருகுக்கு எது களை, எது கீரை என்று தெரியாதே. ‘கீரைய காசு குடுத்தா வாங்கோணும்?’ என்று அம்மா கேட்டது நியாயம். கிணற்றடியை ஒட்டி அரை சென்ட் இடத்தைத் திறந்தபடியே விட்டோம். அங்கே கொத்தலாம், கூட்டலாம், என்ன முளைக்கிறதோ முளைக்கட்டும். அது அம்மாவின் காடு. இன்றைக்கும் மூடவில்லை. இப்போது அங்கே நான் பறிக்கிறேன்.

களை வெட்டும் அக்காவும் கேட்டார். ‘எல்லாரும் இப்புடி மூடிப் போட்டா நாங்க எங்க போறதுங்க?’ சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனாலும் கேட்டார். அவருக்கு நான் கொடுத்துவந்த வேலைநாட்கள் குறைந்தது உண்மை. ஓலை வெட்டவும், சருகு சேர்க்கவும், ஓர வாய்க்கால் எடுக்கவும் கூப்பிட்டேன். களை வெட்டுக்கு அது ஈடாகவில்லை. இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார். முழங்கால் வலி, இனி குந்தி வெட்ட முடியாது என்று அவரே சொல்கிறார். அவருக்குப் பிறகு எங்கள் தெருவில் களைக்கொத்துப் பிடிக்கிற ஆளே இல்லை. சென்னையிலிருந்து வந்து வீடு கட்டியவர்கள் சிமென்ட் கல் பதித்து மண்ணையே காணாமல் அடித்துவிட்டார்கள். களை இல்லைதான். மழைத் தண்ணீர் இறங்கவும் இடமில்லை. தெருவில் முழங்கால் அளவு நிற்கிறது.

மண் மாறியதைச் சொல்லாமல் விடக்கூடாது. குடிவந்த புதிதில் கடப்பாரை போட்டால் ‘டங்’ என்று தெறிக்கும் சுக்காங்கல் கலந்த செம்மண். இப்போது மாமரத்தடியில் சருகை விலக்கினால், முதலில் முழுச் சருகு. அதன்கீழ் நரம்பு மட்டும் மிஞ்சிய சல்லடைச் சருகு. அதற்கும் கீழே எது இலை, எது மண் என்று பிரிக்க முடியாத கருஞ்சிவப்புத் தூள். மண்புழுக் குருணை விரலில் ஒட்டும். வாசனை மழை வாசனை. ஆண்டுக்கு இரண்டு முறை, ஆனிக்கு முன்னும் புரட்டாசியிலும், மேலாக ஒரு சாண் புதிதாகப் போடுகிறோம். பழையது மக்கிக்கொண்டே போவதால் மட்டம் உயர்வதில்லை.

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-ல் வந்தபோதே தெருவில், பொது இடத்தில் குப்பையை எரிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவில் இன்னும் எரிக்கிறார்கள். உங்கள் தெருவிலும் எரிப்பார்கள். சண்டைக்குப் போகாதீர்கள், ஒரு சாக்கைக் கொடுத்து இதில் போட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள். எனக்கு இதுவரை மறுத்தவர் இல்லை. புரட்டாசி முடிவதற்குள் ஒரே ஒரு பாத்தியை மட்டும் மூடிப் பாருங்கள். வாசலை விட்டுவிடுங்கள், சுவரோரம் இரண்டடி விட்டுவிடுங்கள், கீரைக்குக் கொஞ்சம் இடம் விட்டுவிடுங்கள். செய்தித்தாளை விரிக்கும் முன் மண்ணை நனைக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.